இரண்டே மருந்து

“பாத்தியா சின்ன டாக்டர், வீட்டம்மாவுக்கு ரெண்டே மருந்து! மத்ததெல்லாம் நிறுத்தியாச்சு. அப்ப கொணமாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?”

பஞ்சர் கடைக்காரர் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். நகக்கண்களில் எப்போதும்போல டயர்க் கறுப்பு.

மருந்துக் கவுன்டரில் இருந்த பெண் சீட்டைப் படித்தாள். படித்து முடிக்க ஒரு நொடி போதும். ஆனாலும் தலையை நிமிர்த்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலிக்கு ஒரு திரவ மருந்து. அது வயிற்றைக் கட்டும் என்பதால் அதற்கு ஒன்று.

புற்றை எதிர்க்கும் மாத்திரை இல்லை. அதை விழுங்கினால் வரும் வாந்திக்கான மாத்திரை இல்லை. ரத்தம் ஊறுவதற்கு எழுதியதுகூட இல்லை.

இனி எதிர்த்து நிற்க வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

வழக்கமாக ஜன்னலுக்கு வருவது அவர் மனைவிதான். ஒவ்வொரு மாத்திரையையும் விரலால் தொட்டு, எதற்கு, எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நகருவார். இவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு, “எங்க வீட்டுல அரிசியவிட மாத்திரை ஜாஸ்தி. விருந்தாளி வந்தா இதையே வடிச்சுப் போட்டுடலாம்” என்று வரிசையையே சிரிக்க வைப்பார்.

இன்று அந்த அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெண் பக்கத்துக் கதவைத் திறந்து கடைக்காரரை ஆலோசனை அறைக்குள் அழைத்தாள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை. அவ்வளவுதான் அந்த அறை.

முதலில் கேள், பிறகு சொல், கடைசியில் அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வை. கல்லூரியில் அப்படித்தான் பழக்கினார்கள். கூடப் படித்தவர்களே நோயாளியாக நடிப்பார்கள்; பாதியில் சிரிப்பு வந்துவிடும். இப்படி ஒரு சீட்டோடு அங்கே யாரும் வந்து உட்கார்ந்ததில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு ஐயா?”

“எங்கிட்ட என்னத்தச் சொன்னாரு! ‘உள்ள இடமில்ல, நீங்க வெளியவே இருங்க’ன்னுட்டு வீட்டம்மா மட்டும் போயிட்டு வந்தா. சீட்டக் கையில குடுத்தா. அவ்ளோதான்.”

நோயைப் பற்றிச் சொல்வது டாக்டரின் வேலை. மருந்தைப் பற்றிச் சொல்வது அவள் வேலை. எனவே மருந்தைப் பற்றி மட்டும் சொன்னாள். மருந்து பாட்டிலையும் அளவுக் குழாயையும் எடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று காட்டினாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுவில் வலித்தாலும் கொடுக்கலாம்.

அவருக்குத் திக்கென்றது. “இவ்ளோ அடிக்கடி குடுத்தா பழக்கமாயிடாதா? அப்புறம் விட முடியாம அவதிப்படுவாளே?”

இதற்குப் பாடத்தில் பதில் இருந்தது. மனப்பாடமாகவே இருந்தது. வாயில் வந்தது வேறு.

“அதப் பத்தி இப்பக் கவலப்பட வேண்டாம் ஐயா.”

சொன்ன கையோடு, மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடப் போகிறாரே என்று, “எங்க, நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க” என்றாள்.

அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாலு மணிக்கொரு தரம். வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. நடுவுல வலிச்சாலும் குடுக்கலாம். பழக்கமாயிடும்னு பயப்பட வேண்டாம். ஏன்னா...”

பேச்சு அங்கேயே நின்றது.

ஏன் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் அவர்தான் கேட்டார்.

“தண்ணியில கலக்கணுமா, சும்மாவே குடுக்கலாமா?”

“சும்மாவே குடுக்கலாம்.”

சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போனதும் அவர் குரல் பெஞ்சுக்குக் கேட்கும்படி ஓங்கி எழுந்தது. “அடியே, கேட்டியா! இனிமே மாத்திரச் சனியனே வேண்டாமாம்! இரு, வண்டி புடிச்சிட்டு ஓடியாறேன்.”

அவர் வாசலைத் தாண்டியதும், சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த அம்மா ஜன்னலுக்கு வந்தார். வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது.

“சொல்லிட்டியாம்மா?”

பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. “நான் மருந்தப் பத்தி மட்டுந்தாம்மா சொன்னேன்...”

“அது போதும். எனக்குப் போன வாரமே தெரியும். டாக்டர் அவரக் கூப்பிட்டுப் பேசறேன்னாரு. நாந்தான் வேண்டாம், நானே சொல்லிக்கறேன்னுட்டேன். தெனம் வாயத் தொறக்கறேன், வரமாட்டேங்குது. அந்தச் சிரிப்ப வச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்றது? ஒரு மருந்தக்கூட நீ வெளங்க வைக்காம அனுப்ப மாட்டியே. அதான் அவரத் தனியா அனுப்பினேன்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாசலுக்கு வெளியே அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். காலி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதற்கும் அவர் கை காட்டவில்லை.

அந்த அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவருக்கு இனிமே தூக்கம் வராது. அவருக்கு ஏதாச்சும் குடேன்.”

பெண்ணின் முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரைக்கும் மருந்துகள் அடுக்கியிருந்தன.