மாதாவின் கருங்கூந்தல்

பையோடு வருகிற எவரையும் மேரிசெல்வி நம்புவதில்லை. மன்னார்த் தீவில் கறுத்த கனிம மண் தேடும் கம்பனிக்காரர் எந்த வேடத்திலும் வருவார்கள்.

"அக்கா, உங்கட வளவுக்குள்ள கறுத்த மண் இருக்காமே?" பையோடு வேலிப் படலையில் நின்றவன் கேட்டான்.

"ஆர் சொன்னது? இஞ்ச வெறும் வெள்ளை மணல்தான். போங்கோ!"

"கம்பனி நல்ல விலை தரும்."

"தோண்டினால் கடல் ஊருக்குள்ள வந்திடும். எங்கட ஆக்களில ஆரோ காட்டிக் குடுத்திட்டினம். பேரைச் சொல்லுங்கோ பாப்பம்!"

அவன் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து விரித்தான். கோயில் திருநாளுக்கு வீதியில் மணலால் வரைந்த மாதா படம். பக்கத்தில் மேரிசெல்வி சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே அவள் பெருமையாகச் சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்:

"மாதாவின் கூந்தலுக்குச் சாயமே பூசவில்லை. எங்கள் வளவில் எங்கே தோண்டினாலும் கறுப்பு மண் மின்னும்."