ஒரு கோல் அகலம்

வந்தவன் கையில் சவுக்குக் கோல் ஒன்று இருந்தது. செய்யூரிலிருந்து பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

மாமல்லபுரத்துக்குக் கார் வாங்க வருகிறவன் கோலோடு எதற்கு வர வேண்டும்? கண்ணாயிரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேர் எல்லப்பன் என்றான். நேரே காரிடம் போனான்.

கார் என்றால் பொம்மைக் கார் அளவுதான். மூன்று சக்கரம். முன்னால் ஒருவர், அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். ஆட்டோவைப் பக்கத்தில் நிறுத்தினால் ஆட்டோவே குண்டாகத் தெரியும். பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும் என்று கண்ணாயிரம் பீற்றிக்கொள்வார். பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி. கண் மங்கிப்போனதால்தான் விற்கிறார்.

அதிலும் ஒரு வீம்பு, ஓட்டுகிறவனுக்குத்தான் கொடுப்பாராம். புல்வெளியில் நிறுத்திப் பூச்செடி வைக்கக் கேட்ட ரிசார்ட்காரரை விரட்டிவிட்டார்.

எல்லப்பன் இன்ஜினைப் பார்க்கவில்லை. மைலேஜ் கேட்கவில்லை. கோலைக் காரின் மூக்குக்குக் குறுக்கே பிடித்தான். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் கோலைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றன. அவன் முகம் வாடிவிட்டது.

கண்ணாடிகளைக் கழற்றிவிடலாமா என்று கேட்டான்.

கண்ணாயிரத்துக்குப் பகீரென்றது. லாரியில் ஏற்ற அளவெடுக்கிறான். காயலான் கடைக்காரனேதான்.

ஏதோ சொல்ல வருவதற்குள் அவன் பின்சீட்டில் ஏறிவிட்டான். காலை நீட்டினான். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்டியரிங் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உடைத்து விற்கிறவன் சாய்ந்து பார்ப்பானா? சினிமா ஆளா? இல்லை, மரை கழன்ற கேஸா? யோசிக்க யோசிக்கக் கண்ணாயிரத்துக்குத் தலை சுற்றியது. கோபமும் வந்தது. இறங்கச் சொன்னார். வண்டி எதற்கு என்று தெரியாமல் சாவி கிடைக்காது என்றார்.

எல்லப்பன் இறங்கினான். கோலைத் தரையில் ஊன்றாமல், படுக்கைவாட்டில் பிடித்தபடியே நின்றான்.

“எங்க சந்துல ஆட்டோ நொழையாது அண்ணாத்த. டயாலிசிஸுக்குப் போறப்பல்லாம் வூட்டுக்காரிய கட்டிலோட தூக்கிகினுதான் ரோட்டுக்கு வரோம். சந்து இந்தக் கோல் அகலந்தான் கீது.”

கண்ணாயிரம் உள்ளே போய் ஸ்பானரோடு வந்தார்.

கண் வழக்கத்தைவிட மங்கலாக இருந்தது. கண்ணாடியின் நட்டைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.