முப்பத்தேழாம் எண்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மலேசியாவில் கோத்தா திங்கி ஊர்ப் பாதிரியார் பள்ளி விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன்.

விடுதியை மூடிய பிறகும் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவார்கள். விடுதியை நடத்திய வயதான ஃபாதர், அன்றுபோலவே ஒவ்வொருவரையும் எண் சொல்லிக் கூப்பிடுவார்.

"முப்பத்தேழு?"

சிறுவயதில் ஆற்றில் மூழ்கிய சவரியின் எண் அது. அவனுக்காக விட்டிருக்கும் காலி நாற்காலிக்குப் பக்கத்திலிருக்கும் லூர்துசாமிதான் அவனுக்காக "பிரசென்ட்" சொல்வார். இந்த ஆண்டு அவர் அதைச் சொல்லாமல் எழுந்து நின்றார்.

"அலமாக், கெழவனுக்குக் காது போச்சு லா!" என்று ஒருவர் சிரித்தார்.

"ஃபாதர், அவன் செத்த அன்னிக்கும் நான்தான் பிரசென்ட் சொன்னேன். திருட்டுத்தனமா ஆத்துக்குப் போயிருந்தான். என்னாலதான் யாரும் தேடல" என்றார் லூர்துசாமி.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

"முப்பத்தெட்டு?"

அது லூர்துசாமியின் எண். அழுகையில் அவருக்குக் குரல் வரவில்லை.

காலி நாற்காலியிலிருந்து ஒரு பையனின் குரல் கேட்டது.

"பிரசென்ட், ஃபாதர்!"

உங்கள் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் அவர்களே குரல் கொடுக்கட்டும், கண்ணுகளா.