வழிவழியாக

"இது பெத்தவங்ககிட்டேருந்து வர்றது" என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், மகள் தன் அம்மாவைத் திரும்பி முறைத்தாள்.

மூன்று முறை சுமந்து மூன்றையும் பறிகொடுத்தவள். போன மாதம் போனது ஆறு மாதப் பிள்ளை. உதைக்கக்கூடத் தொடங்கியிருந்தது.

டாக்டர் பரிசோதனைத் தாளை அவள் பக்கம் திருப்பினாள். "உங்க ரத்தம் சீக்கிரமா உறைஞ்சுடுது. மரபணுவுல ஒரு சின்னப் பிசகு. நஞ்சுக்கொடியில ரத்தம் கட்டி அடைச்சிருக்கு, பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தம் போகல. உங்க மேல தப்பே இல்லம்மா."

பிறகு அம்மாவிடம் கேட்டாள். "உங்களுக்கு எப்பவாவது கரு கலைஞ்சிருக்கா?"

தையல் கடையிலிருந்து போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தாள் அம்மா. மடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "நாலு. நாலும் தங்கல. அதுக்கப்புறம்தான் இவ வந்தா."

"நாலா?" மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஒரு வார்த்தை சொன்னியாம்மா? ஒவ்வொரு தடவையும் நான் கதறினப்போ தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தியே! முதல்லயே சொல்லியிருந்தா சோதிச்சுப் பாத்திருப்பேனே. உன் ரத்தம்தான் என் பிள்ளைங்களைக் கொன்னுடுச்சு!"

"ஆமா கண்ணு. என் தப்புதான்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

டாக்டருக்கே கோபம் வந்தது. "மறைக்கிற விஷயமாம்மா இது? சரி, நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. உங்ககிட்டேருந்துதான் வந்துச்சான்னு பாத்துடலாம்."

"என் ரத்தத்தைப் பாத்தாத்தான் அவளுக்கு வைத்தியம் பண்ண முடியுமா?"

"அப்படியில்ல. அவங்க சோதனையே போதும். அடுத்த தடவை ஆரம்பத்துலேருந்தே தினம் ஊசி போடுவோம். தங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எனக்கு வேண்டாம் டாக்டர்."

"இவ்வளவு பழி கேட்டாச்சு. இனிமே என்ன பயம்?"

"மூணைப் பறிகுடுத்துட்டு நிக்கறா. இப்போ அம்மாவையும் பறிகுடுக்கணுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா சாத்திய கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவளை நான் பெக்கல."