நாற்பத்தொரு நொடி

ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில், கம்ப்யூட்டர் கண்ணிவெடி விளையாட்டின் மிகப் பெரிய கட்டத்தை முடித்த ஒரே மனிதர் உலகத்திலேயே ஓய்வுபெற்ற அந்த லிஃப்ட் மெக்கானிக்தான். நாற்பத்தொரு நொடி. இரண்டாவது தும்மல் மரியாதை நிமித்தம் மூக்கிலேயே காத்திருந்ததாம்.

நம்பாத ஒரே ஆள், மனைவியின் தம்பி.

"கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும்ல? காட்டுங்க அத்தான்."

அங்கேதான் சிக்கல். பதிவு இருந்தது அவருடைய பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில். அதன் குண்டு மானிட்டரோ போன மாதம் புகைவிட்டு உயிரையும் விட்டிருந்தது.

பந்தயம் ஆகிவிட்டது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் காட்டாவிட்டால் பெட்டி பழைய இரும்புக் கடைக்கு. அவரும் அந்த நாற்பத்தொன்றைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அவருக்கு அதைவிட மூச்சுவிடாமல் இருப்பது சுலபம்.

முதலில் வாங்கிவந்த தட்டை மானிட்டர் கதவு அகலம். ஆனால் பெட்டியிலிருந்து வரும் நீல மூக்குக் கேபிளைச் செருக அதில் இடமே இல்லை.

இரண்டாவது மானிட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு இணைப்பான் வைத்துப் பார்த்தார். இணைப்பான் சூடானது. திரை அசையவில்லை.

கடைக்காரர் "பெட்டியையே மாத்திடுங்க சார்" என்றார். இவர் போட்ட சத்தத்தில், காட்சிக்கு வைத்திருந்த டிவிகள் எல்லாம் தாமாகவே வாயை மூடிக்கொண்டன.

ஒரு பல்பு வாங்கினாலே விசாரணைக் கமிஷன் வைக்கும் மனைவிதான், "பரவாயில்ல, இன்னொண்ணு பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் பையை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது, கடையின் பின்னறையில் தூசி தின்றுகொண்டிருந்த சதுர மானிட்டர். நீல மூக்கு கச்சிதமாக உள்ளே போனது. பொத்தானை அமுக்கினார்.

கும்மிருட்டு. நடுவில் ஒரே வரி: சிக்னல் வரம்புக்குள் இல்லை.

"இரும்புக் கடைக்காரருக்கு போன் போடட்டா அத்தான்?"

வழி அவருக்குத் தெரியும். கீபோர்டில் கண்ட்ரோல், ஆல்ட், மைனஸ் மூன்றும் சேர்த்து. படத்தின் அளவு ஒரு படி இறங்கினால் மானிட்டரும் இறங்கிவரும். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். குத்தினார். எத்தனையோ மாடி லிஃப்டுகளை மிரட்டியே கீழே இறக்கியவருக்கு, இந்த ஒரு படி இறங்குவேனா என்றது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த மைனஸ் இல்லைங்க. வலது ஓரத்துல, நம்பருங்க பக்கத்துல ஒண்ணு இருக்குமே, அது."

அழுத்தினார். திரை கண்சிமிட்டியது. வந்துவிட்டது!

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்? விளையாட்டைத் திறந்தார். சாதனைப் பட்டியலை விரித்தார். திரையை ஏறிட்டும் பார்க்காமல் மச்சான் பக்கம் திரும்பி, மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"படி. தெரு முழுக்கக் கேக்கணும்."

மச்சான் குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான். பிறகு துணி மடிக்கும் அக்காவைப் பார்த்தான்.

"நாற்பத்தொண்ணு, உங்க பேரு. நடந்திருக்கு அத்தான், ஒத்துக்கறேன்."

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆனா அது ரெண்டாவது வரி. அதுக்கு மேல முப்பத்தெட்டுன்னு போட்டு அக்கா பேரு இருக்கு. அதுவும் நடந்திருக்கு."