சிரிக்கும் முகங்கள்

காலையில் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள், அட்டையில் வரைந்த சிரிக்கும் முகத்தையோ அழும் முகத்தையோ எடுத்து, தங்கள் மனநிலைக்கு ஏற்பப் பலகையில் ஒட்ட வேண்டும். ஜெயசுதா டீச்சரின் ஏற்பாடு அது. அழும் முகத்தைக் கண்டால் அன்றைக்கே பெற்றோரை வரவழைத்துப் பேசிவிடுவார்.

ஒரே மாதத்தில் பலகை முழுக்கச் சிரிப்புதான். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அசந்துபோனார்.

"அருமைங்க டீச்சர்! இங்கயே ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

தாமதமாக வந்த கீர்த்தனா, விசும்பிக்கொண்டே சிரிக்கும் முகத்தை எடுத்து ஒட்டினாள்.

ஜெயசுதா குனிந்து கேட்டார். "ஏங்கண்ணு, அழுதுட்டே இத ஒட்டற?"

"நித்தீஷ் அழுவற மூஞ்சி ஒட்டுனானுங்க. நீங்க அவங்கம்மாள பனியன் கம்பெனில இருந்து கூப்புட்டீங்க. பாதி ஷிப்ட்ல வந்துட்டாங்கன்னு வேலைய விட்டே நிறுத்திப்போட்டாங்க. அதுலருந்து யாருமே அத ஒட்டறதில்லீங்க."

ஜெயசுதா பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி செல்போனை உயர்த்தினார்.

"டீச்சர், கொஞ்சம் சிரிங்க."