உறுதிச் சான்று

“டி.சி. வேணும் மேடம். இன்னிக்கே குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

சொல்லிவிட்டு அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பைக்கை நிறுத்தியபோது மனிதர் சண்டைக்கு வந்தவர் மாதிரிதான் இருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விறுவிறுவென்று நடந்து வந்தார். பள்ளிக்கூட வாசலில் மட்டும் ஏனோ தயங்கி, நிலைக்கு மேலே கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்த அரசாங்கக் கட்டட எண்ணைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். உள்ளே வந்தபோது குரல் பாதியாகிவிட்டிருந்தது.

தலைமை ஆசிரியைக்கு இதெல்லாம் பழக்கம்தான். வாசல்வரை வீராப்பாக வந்து, தன் முகத்தைப் பார்த்ததும் பம்மிவிடுகிற அப்பாக்களை அவர் இருபது வருஷமாகப் பார்க்கிறார்.

“முதல்ல உட்காருங்க சார். யாரோட அப்பா நீங்க?”

“மூணாம் வகுப்பு. வாயாடின்னு கூப்பிடுவீங்களாமே...”

“அட, நம்ம வாயாடியோட அப்பாவா! மூணு வருஷமா அம்மாதான் வந்துட்டுப் போறாங்க. அப்பான்னு ஒருத்தர் இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியுது.” சிரித்தபடி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார் தலைமை ஆசிரியை. “அது சரி, திடீர்னு எதுக்கு டி.சி.?”

“வீடு மாத்துறோம் மேடம்.”

“எந்தப் பக்கம்?”

பொய் சொன்னால் அடுத்த கேள்விக்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்க வேண்டாமா? பாவம், மனிதருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நேத்து அவ நோட்டு மேல காரை விழுந்துச்சே, அதானே சார்?”

அவர் மெல்லத் தலையாட்டினார்.

“எனக்கே வெட்கமாத்தான் இருக்கு. பெத்தவங்க மூஞ்சியில முழிக்க முடியல. அந்தப் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லத்தான் சொன்னேன். இருக்கிறதே ரெண்டு ரூம். எங்கன்னு நகர்த்துவாங்க, சொல்லுங்க.”

“உங்க மேல தப்பு இல்ல மேடம்.”

“அப்ப ஒண்ணு கேட்கிறேன். இப்ப அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். புதுக் கட்டடத்துக்கு மறுபடியும் மனு எழுதி வச்சிருக்கேன். முப்பது பிள்ளைங்க இருந்தாத்தான் மனுவையே வாங்குவாங்க. உங்க பொண்ணோட சேர்த்துச் சரியா முப்பது. இவ போயிட்டா அதைத் தொடக்கூட மாட்டாங்க.”

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை மேசை டிராயரை இழுத்து ஒரு ஃபைலை எடுத்தார்.

“இந்தக் கூத்தைக் கேளுங்க. போன வருஷமே பணம் ஒதுக்கியிருக்கணும். ‘பழைய கட்டடம் உறுதியாக உள்ளது, புதிய கட்டடம் தேவையில்லை’ன்னு ஒரு என்ஜினியர் சான்று குடுத்துட்டார். எல்லாம் போச்சு. இங்க வந்து ஒரு எட்டு பார்த்தாரா? இல்லையே! ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துகிட்டு ஒரே நாள்ல நாப்பது கட்டடத்துக்குக் கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பேரு கிடையாது, தெரு கிடையாது, வெறும் நம்பர். நம்பிக்கையில்லைன்னா நீங்களே படிச்சுப் பாருங்க.”

அவர் காகிதத்தை வாங்கவில்லை. பார்வை சன்னலைத் தாண்டி எதிர் வகுப்பறைக்குப் போனது. உத்திரத்தில் விரிசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியிருந்தது. அதற்கு நேர் கீழே பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் மட்டும் எல்லாரையும் முந்திக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவியது.

“நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு மேடம். என் பிள்ளையை நான் கூட்டிட்டுப் போயிடறேனே.”

“மத்த இருபத்தொன்பதும் யார் பெத்த பிள்ளைங்க சார்?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்றது. ஏதோ பயந்துபோய் வந்திருக்கிற மனிதரை, அதுவும் முதல் தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்தவரை, இப்படியா காய்ச்சுவது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“மனசுல வச்சுக்காதீங்க சார். யார் மேலயோ இருக்கிற கோபத்தை உங்ககிட்ட காட்டிட்டேன். பெத்த மனசு பதறத்தான் செய்யும். உங்க இடத்துல நான் இருந்தா நானும் இதைத்தான் செய்வேன்.”

டி.சி. படிவத்தை எடுத்து மளமளவென்று எழுதினார். மனுவுக்கு இனி வேலையில்லை என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. எழுதி முடித்துக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினார்.

“இந்த இடத்துல உங்க கையெழுத்து.”

அவர் பேனாவை வாங்கினார். காகிதத்தின்மேல் வைத்தார். விரல் நடுங்கியதே தவிர, பேனா நகரவில்லை. மெதுவாக அதை மேசைமேல் வைத்துவிட்டார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் தலைமை ஆசிரியைக்கு அடக்கி வைத்திருந்த ஆத்திரம் மறுபடி பொங்கிவிட்டது.

“பாருங்க, பெத்தவர் உங்களுக்கு ஒரு கையெழுத்துக்கு இப்படிக் கை நடுங்குது. நாப்பது கையெழுத்துப் போட்டானே, அந்த ஆளுக்கு நடுங்குச்சா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் சார். பெத்த பிள்ளையைக் கூட்டிட்டு வந்து அந்த விரிசலுக்குக் கீழ ஒரே ஒரு நாள் உட்கார வைடா பார்ப்போம்னு கேட்பேன்!”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மூணு வருஷமா உட்கார்ந்துட்டுத்தான் இருக்கா, மேடம்.”